பாடி வாரவன் கண்ணுல பிளாஷ அடிக்காதலே

வாலே பேராண்டி. கேமராவுக்கு மாசத் தவணை, லென்சுக்கு மாசத் தவணை, இப்போ லைட்டு மூணு வாங்கி அதுக்கும் மாசத் தவணையாம்லா? உங்க அப்பன் போர் போடக் கடன் வாங்கும்போது கையெழுத்துப் போடுதுக்கு முந்தி ஒரு ராத்திரி பூரா ஒறங்காமக் கெடந்தான். நீ படுத்துக்கிட்டே போன்ல விரலால தேச்சு வாங்கிட்டே. தைரியசாலிதான். ஊர்க் கபடிப் போட்டி நோட்டீஸ்ல உன் பேரை வேற போட்டிருக்கான். தலைவர் பேருக்குக் கீழ, சவுண்ட் சர்வீஸ்காரர் பேருக்கு மேல. இந்த நரைச்ச தலைக்குக் கிடைக்காத எடம்.

நான் என்னத்தச் சொல்ல? டவுன்ல ஸ்டூடியோ வச்சு, குடைய விரிச்சு, பல்பை மாட்டி, "நாடிய லேசாத் தூக்குங்க, கண்ணச் சிமிட்டாதிய"ன்னு சொல்லியே காலத்தை ஓட்டுனவன். நெகட்டிவ்ல பென்சிலால டச்சிங் பண்ணி, அம்மைத் தழும்பை எல்லாம் அழிச்சு, எத்தனையோ கல்யாணத்தை முடிச்சு வச்சிருக்கேன். ஒருத்தனும் தரகுக் காசு தரல. நீ வெள்ளைக்காரன் யூட்யூப்ல சொன்னா குறிப்பெடுக்கே, தாத்தன் சொன்னா போனை நோண்டுதே. பரவால்ல, நோண்டிக்கிட்டே கேளு. காது சும்மாதான கெடக்கு.

மொதச் சோலி, ஆட்டம் நடக்கும்போது அந்தப் பிளாஷப் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழு.

மொறைக்காத. பாடி வாரவனுக்கு இருக்கது 30 செகண்டு. மூச்ச விடாமப் பாடணும். எதுக்க நிக்க ஏழு பேரையும் கண்ணால அளக்கணும். பாக் கோட்டைத் தாண்டணும், முடிஞ்சா போனஸ் கோட்டைத் தாண்டிக் கால வைக்கணும், கார்னர்க்காரன் கணுக்காலுக்குக் குனியுதானான்னு ஓரக்கண்ணால பாக்கணும். இத்தனை சோலிக்கு நடுவுல நீ எதுக்க உக்காந்து பளிச்சுன்னு ஒண்ணு அடிச்சேன்னு வையி, அவன் கண்ணுல பச்சையும் ஊதாவுமா வட்டம் மெதக்கும். அது கலையுததுக்குள்ள நாலு பேர் கைகோத்து வந்து அமுக்கிருவான். புள்ளி போன கோவத்துல அவன் நேரா யாருகிட்ட வருவான்? கேமராவுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கே, சரி. உனக்குப் போட்டிருக்கியா?

இது நம்ம ஊர்ச் சட்டம் மட்டும் இல்ல. டைவிங், ஜிம்னாஸ்டிக்ஸ், பேட்மிண்டன், டென்னிஸ், ஸ்நூக்கர், எங்கயும் ஆட்டம் நடக்கும்போது பிளாஷ அடிச்சா வெளிய அனுப்பிருவான். உடனே நீ, "அமெரிக்காவுல பாஸ்கெட்பாலுக்கு அடிக்கானே தாத்தா"ன்னு வருவே. அடிக்கான். எங்கருந்து அடிக்கான்? அரங்கத்துக் கூரைக்குக் கீழ நடைபாதை இருக்கு, அதுல பெரிய பெரிய ஸ்ட்ரோபைக் கட்டி வச்சிருக்கான். தரையில உக்காந்திருக்கவன் ரேடியோ டிரிகரால அதைத் தட்டுதான். வெளிச்சம் ஒசரத்துலருந்து விழுது, ஆட்டக்காரன் கண்ணு மட்டத்துக்கு வரவே வராது. நம்ம மைதானத்துல கூரை எங்க இருக்கு? வேப்பமரந்தான் இருக்கு. அதுல ஏறிக் கட்டப் போறேன்னா சொல்லு, ஏணிய நான் பிடிச்சுக்கிடுதேன். விழுந்தா உங்க அம்மைக்கு நீயே பதில் சொல்லிக்கோ.

அப்போ எந்த வெளிச்சத்துல எடுக்க? இருக்க வெளிச்சத்துலதான். அதைச் சாயங்காலமே போயிப் படிக்கணும். சவுண்ட் சர்வீஸ்காரர் நாலு மூலைக்கும் கம்பு நட்டு எல்இடி போக்கஸ் லைட்டு கட்டுவார்லா, அப்பவே ஒரு டீ வாங்கிட்டுப் போ. கூட ஒரு வடையும் வாங்கு. ஏன்னு கேளு. கரண்டு செகண்டுக்கு 50 சுத்து சுத்துது. அதுல எரியுத மலிவு லைட்டு செகண்டுக்கு 100 தடவை ஏறி எறங்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா நீ ஷட்டரை 1/1000-ல வச்சா, அந்த ஒரு ஏத்த எறக்கத்துல பத்துல ஒரு பங்கைத்தான் பிடிக்கே. ஒரு படம் வெள்ளை, அடுத்த படம் மஞ்சக் கறுப்பு, அதுக்கடுத்ததுல பாதி உடம்பு மட்டும் வெளிச்சம். நீ உடனே கேமரா கம்பெனியத் திட்டி ரிவியூ எழுதுவே. கம்பெனி என்னலே பண்ணும்? உன் கேமரா மெனுவுல ஆன்ட்டி பிளிக்கர்னு ஒண்ணு தூங்கிக்கிட்டு இருக்கும், அதை எழுப்பு. வெளிச்சம் உச்சிக்கு ஏறும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும். அதோட சவுண்ட் சர்வீஸ்காரர்கிட்ட லைட்டை எல்லாம் ஒரே பேஸ்ல போடாம மூணு பேஸ்லயும் பிரிச்சுப் போடச் சொல்லு. ஒண்ணு எறங்கும்போது இன்னொண்ணு ஏறும், துடிப்பு கொறையும். இதைச் சும்மா சொன்னா அவரு கேக்க மாட்டாரு. அதுக்குத்தான் வடை.

அடுத்தது நீ எங்க உக்காருதேங்கது. தலைவர் பக்கத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு, தண்ணி பாட்டில் வச்சு, "தம்பி இங்க வாங்க"ம்பாவ. போயிராத. அது நடுக்கோட்டுக்கு நேரா இருக்கும். அங்கருந்து பாத்தா பாடுதவன் காது தெரியும், பிடிக்கவன் முதுகு தெரியும், தலைவர் தொடை தெரியும். நீ கடைசிக் கோட்டுக்குப் பின்னால, மூலையில, தரையோட தரையா உக்காரு. பாடி வாரவன் உன்னையப் பாத்துத்தான் வருவான். உன் தோளுக்குப் பின்னால இருக்க கம்பத்து லைட்டு அவன் மூஞ்சிக்கு. எதுத்த மூலையில அவனுக்குப் பின்னால இருக்க லைட்டு தோளுக்கும் தூசிக்கும். பாதி நேரம் முடிஞ்சு டீம் ரெண்டும் பக்கம் மாறும்லா, அப்போ ஒனக்குப் பிடிச்சவன் பின்னால நீயும் மாறு. சோம்பேறித்தனப்பட்டு அங்கயே சம்மணம் போட்டுக் கெடக்காத.

தூசின்னு சொன்னேன் பாத்தியா. மேட்டு விரிச்சு ஆடுதவனுக்கு இல்லாத சொத்து அது. 2014-ல புரோ கபடி வந்த பொறவு எல்லாப் பயலும் மேட்டு வேணும் மேட்டு வேணும்ங்கான். மேட்டு நல்லதுதான், முட்டி தேயாது. ஆனா படத்துக்கு மண்ணுதாம்லே ராசா. பின்னாலருந்து வெளிச்சம் பட்டா, கால் கிளப்புத தூசி பூராவும் பத்தி எரியும். முன்னாலருந்து கேமரா மண்டையில இருக்க பிளாஷால அடிச்சா, லென்சுக்குக் கிட்டப் பறக்குத ஒவ்வொரு துகளும் உருண்டை உருண்டையா வெள்ளை வெளேர்னு வந்து நிக்கும். அப்படி ஒருத்தன் எடுத்த படத்தைப் பாத்துட்டு, "பெரியவரு ஆவியா வந்து ஆட்டத்தைப் பாத்திருக்காரு"ன்னு ஒரு வீட்டுல தேங்கா ஒடைச்சாவ. நான் ஒண்ணும் சொல்லல. தேங்காச் சில்லு நல்லாருந்துச்சு.

இன்னொண்ணு, தரையும் ஒரு லைட்டுதான். செம்மண்ணு கீழருந்து கொஞ்சம் வெளிச்சத்தைத் திருப்பித் தரும், நாடிக்கு அடியில இருக்க கறுப்பைக் கரைக்கும். நீல மேட்டு விரிச்சிருந்தா குனிஞ்சு நிக்கவன் தாடை நீலமாத்தான் வரும். பொறவு கம்ப்யூட்டர்ல அதை உரிச்சுக்கிட்டுக் கெடப்பே.

ஷட்டர் 1/1000-க்குக் கொறையாம வையி. கணக்குச் சொல்லுதேன், எழுதிக்கோ. செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்துல ஒரு கை வீசுதுன்னா, 1/1000 செகண்டுல அது ஒரு சென்டிமீட்டர் நகரும். 1/250-ல நாலு சென்டிமீட்டர். நாலு சென்டிமீட்டர் நகந்த கையில விரல் இருக்காது, பிசிறுதான் இருக்கும். அப்பெர்ச்சரை 2.8-க்குத் திறந்து விட்டுரு. ஐஎஸ்ஓ 6400 ஆனாலும் ஆவட்டும். "புள்ளி புள்ளியா வருது தாத்தா"ன்னு அழாத. புள்ளி இருந்தா அவன் அம்மைக்கு அவனை அடையாளம் தெரியும். பிசிறு அடிச்சா தெரியாது.

இப்போ உன் மூஞ்சி சுருங்குது. பிளாஷே வேண்டாம்னா மூணை எதுக்கு வாங்குனோம்னு யோசிக்கே. சரி, பிளாஷ வச்சு ஆட்டத்தைப் பிடிச்ச ஒரு பய கதையக் கேளு.

1965 மே 25. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல லூயிஸ்டன்னு சின்ன ஊரு. முகமது அலிக்கும் சன்னி லிஸ்டனுக்கும் குத்துச்சண்டை. நீல் லைஃபர்னு ஒருத்தன், வயசு 22, வளையத்து ஓரத்துல உக்காந்திருக்கான். கையில ரோலிஃபிளெக்ஸ், உள்ள கலர் பிலிம். பிளாஷு அவன் கையில இல்ல, கேமரா மண்டையில இல்ல. வளையத்துக்கு நேர் மேல ஒசரத்துல முன்கூட்டியே கட்டி வச்சாச்சு. அந்தக் காலத்து ஸ்ட்ரோபு ஒரு தடவை வெடிச்சா மறுபடி கரண்டைக் குடிச்சு நெறையச் செகண்டுக்கணக்குல ஆவும். அதாவது அடிக்கு ஒரு படம். அவசரப்பட்டு முந்தி அழுத்துனா போச்சு, பிந்தி அழுத்துனாலும் போச்சு. மொத ரவுண்டுலயே லிஸ்டன் விழுந்துட்டான். அலி அவன் தலைமாட்டுல நின்னு கைய மடக்கி, எந்திரிச்சு வந்து ஆடுலேன்னு கத்துதாரு. லைஃபர் அழுத்துனான். ஒரே ஒரு தட்டு. அலி தோளுல மினுமினுப்பு, பின்னால கூட்டம் பூரா புகையோட கறுப்பு, லிஸ்டன் மல்லாக்கக் கெடக்கான்.

இதுல எனக்குப் பிடிச்ச எடம் வேற. அலியோட ரெண்டு காலுக்கும் நடுவுல எதுத்த பக்கம் ஒரு மொட்டைத் தலை தெரியும் பாரு. அவரு ஹெர்ப் ஷார்ஃப்மன். அதே ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகைக்காரரு, லைஃபரை விட வயசுலயும் அனுபவத்துலயும் மூத்தவரு. அவருக்குக் கிடைச்சது அலி முதுகு. லைட்டு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான், எடந்தான் வேற. லைஃபர் எடுத்த படத்தை அந்த வாரம் பத்திரிகைக்காரன் அட்டையிலகூடப் போடல, உள்ளதான் போட்டான். இன்னைக்கு உலகத்துல விளையாட்டுப் படம்னாலே அதைத்தான் காட்டுதான். நீ ராத்திரி போட்ட படத்துக்கு விடியுததுக்குள்ள லைக்கு எண்ணுதே.

உன் கேமரா செகண்டுக்கு 20 படம் எடுக்கும்னு பீத்துனேல்லா? ஷட்டர்ப் பொத்தானை அழுத்திப் பிடிச்சுக்கிட்டா எதையாவது பிடிச்சிரும்னு நெனப்பு. இருக்க வெளிச்சத்துல எடுத்தா பிடிக்கட்டும். ஆனா பிளாஷு அப்படி வராது. முழுப் பவர்ல ஒண்ணு அடிச்சா அது மூச்சு வாங்கணும். அதுக்குள்ள மீதிப் பத்தொம்பது படத்துலயும் அமாவாசை. அதனால, பிளாஷ வச்சா லைஃபர் காலத்துக்குத்தான் போவணும். எங்க நடக்கும்னு முன்னாலயே யோசி, லைட்டை அங்க கட்டு, வாய மூடிக்கிட்டு இரு. அடுத்த வருசம், 1966 நவம்பர் 14-ல, அதே ஆளு ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்ல கேமராவையே 80 அடி ஒசரத்துல வளையத்துக்கு நேர் மேல தொங்க விட்டான். கிளீவ்லாண்ட் வில்லியம்ஸ் வெள்ளைத் தரையில மல்லாக்கக் கெடக்கான், அலி கையத் தூக்கிக்கிட்டு மறுபக்கம் போறாரு. மேலருந்து பாத்தா அம்புட்டுத்தான். ஆட்டம் தொடங்குததுக்கு முந்தியே முக்கால்வாசிப் படத்தை எடுத்து முடிச்சிருக்கான் அந்தப் பய.

இதுக்கு முந்தியும் வெளிச்சத்துக்குன்னு மெனக்கெட்டவங்க உண்டு. 1878-ல கலிபோர்னியாவுல மைப்ரிட்ஜ்னு ஒருத்தர், குதிரை ஓடும்போது நாலு காலும் தரைய விட்டு எழும்புதான்னு பாக்க 12 கேமராவ வரிசையா வச்சாரு. கண்ணாடித் தகட்டுக்கு வேகம் பத்தாது, பிளாஷு பொறக்கவே இல்ல. என்ன செஞ்சாரு? குதிரைக்குப் பின்னால வெள்ளைத் திரையக் கட்டி, நல்ல வெயில்ல ஓட விட்டாரு. குதிரை கறுப்பா நிழலா விழுந்துச்சு, நாலு காலும் மேல இருந்துச்சு. 1930-கள்ல எம்ஐடியில எட்ஜர்டன்னு ஒரு வாத்தியாரு மின்சார ஸ்ட்ரோபைக் கொண்டு வந்தாரு, அதை வச்சு ஜான் மிலி லைஃப் பத்திரிகைக்கு ஆட்டக்காரன் பாட்டுக்காரன் எல்லாரையும் அந்தரத்துல நிறுத்திக் காட்டுனாரு. நீ வாங்கியிருக்கது அந்த லைட்டோட கொள்ளுப்பேரன். கொஞ்சம் மரியாதையாப் பிடி.

பிளாஷ எங்க வேணும்னாலும் வச்சு வெளையாடணும்னா அதுக்குப் பயிற்சி நேரம் இருக்கு. காலையில பயலுவ மைதானத்துக்கு வருவான்க. கோச்சுகிட்ட கேட்டுட்டு, பயலுவகிட்டயும் சொல்லிட்டு, அப்போ அடி. ரெண்டு விசயம் ஞாபகம் வையி. ஒண்ணு, உன் கேமரா ஷட்டரு ரெண்டு திரை. 1/200, 1/250 வரைக்கும் மொதத் திரை முழுசாத் திறந்த பொறவுதான் ரெண்டாவது மூட வரும். அதுக்கு மேல போனா ரெண்டுக்கும் நடுவுல ஒரு கீத்துதான் ஓடும். அப்போ பிளாஷ அடிச்சா பாதிப் படம் கறுப்புப் பட்டை. ஹை ஸ்பீடு சின்க்குன்னு ஒரு பொத்தான் இருக்கு, அமுக்கலாம். அது பவரைத் துண்டு துண்டாப் பிரிச்சுச் சிந்தும், ரொம்ப தூரத்துக்கு வெளிச்சம் போய்ச் சேராது. 2023-ல சோனிக்காரன் இந்தத் திரைச் சோலியே இல்லாத ஒரு கேமராவ வெளியிட்டுட்டான், 1/80000-லயும் பிளாஷு ஒத்துப் போவும். அதை வாங்கணும்னு கண்ணைச் சொருகாத. நம்மகிட்ட விக்கதுக்கு ஆடு இல்ல.

ரெண்டாவது, கருக்கல்ல பிளாஷு மட்டுந்தான் வெளிச்சம்னா, படத்தை நிறுத்துதது ஷட்டரு இல்ல, பிளாஷு மினுங்குத நேரம். உன் சின்னப் பிளாஷு முழுப் பவர்ல சுமாரா 1/1000 செகண்டு எரியும், சில சமயம் அதுக்கும் மேல. பவரைக் கொறைக்கக் கொறைக்க மினுக்கம் சுருங்கி 1/10000, 1/20000-ன்னு போவும். அதனால ஒரு பிளாஷ முழுசா அடிக்கதை விட மூணையும் சேத்து எட்டுல ஒரு பங்குல வச்சா கால்ல தெறிக்குத மண்ணு மணிமணியா நிக்கும். இது சின்னப் பிளாஷுக் கணக்கு. ஸ்டூடியோப் பெரிய லைட்டுகள்ல சிலது பவரைக் கொறைச்சா மினுக்கம் நீளவும் செய்யும், பெட்டியோட வந்த புஸ்தகத்தைப் பாரு. நீ பெட்டியவே தூரப் போட்டுட்டேன்னு உங்க ஆச்சி சொன்னா.

சரி, ஆட்டம் போதும். ஆளை எடுக்கதுக்கு வருவோம். அங்கதான் நீங்க எல்லாம் கோட்டித்தனம் பண்ணுதிய.

எங்க காலத்துல கபடிக்காரன் படம்னா குரூப் போட்டோதான். நடுவுல கேடயம், ரெண்டு பக்கமும் வெறச்சு நிக்க பயலுவ, ஓரத்துல வேட்டி கட்டுன தலைவரு. ஒருத்தன் பாடுத படமாவது அவன் வீட்டுல இருக்கான்னு தேடிப் பாரு, இருக்காது. நம்ம தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில தங்கம் வாங்குன டீம்ல ஆடி, அர்ஜுனா விருதும் வாங்குனவரு. அவரு வாழ்க்கையத் தழுவி 2025-ல மாரி செல்வராஜ் 'பைசன்' எடுத்த பொறவுதான் பாதிப் பேருக்கு இந்தப் பக்கம் கபடி இருக்கதே தெரிஞ்சுச்சு. அதனால நாளைக்கு நீ எடுக்கப் போற ஏழு மூஞ்சியும் சும்மா இல்ல. அதுல ஒருத்தன் எங்க போவான்னு யாரு கண்டா. பாத்து எடு.

மொதல்ல பிளாஷக் கேமரா மண்டையிலருந்து எறக்கு. மண்டையில மாட்டி நேரா அடிச்சா ஆதார் அட்டைப் படம் மாதிரி வரும், மூக்கு இருக்கும், மூக்குக்குப் பக்கவாட்டு இருக்காது. எறக்கி ஒரு பக்கமா, கண்ணு மட்டத்துக்குக் கொஞ்சம் மேல வையி. லைட்டுக்கு எதுத்த பக்கத்துக் கன்னத்துல கண்ணுக்குக் கீழ ஒரு சின்ன முக்கோண வெளிச்சம் விழுதான்னு பாரு. விழுந்தா நிறுத்து. ரெம்ப்ரான்ட்னு டச்சுக்காரர் வரைஞ்ச பல மூஞ்சியில அது இருக்கும்னு அதுக்கு அவரு பேரையே வச்சிட்டாவ.

இப்போ பெரிய விசயம். நம்ம பயலுவ கறுப்பு. வெயில்ல மண்ணுல வளந்த கறுப்பு. கேமரா மீட்டருக்கு இது புரியாது. கண்டதை எல்லாம் நடுச்சாம்பலாக்கிறணும்னு அதுக்கு ஒரே நெனப்பு. கறுத்த மூஞ்சி சட்டம் பூரா நெறைஞ்சா, இருட்டு இருட்டுன்னு வெளிச்சத்தை ஏத்தி விட்டுரும், பய சாம்பப் பூத்துப் போவான். நீயே ஒரு அரை ஸ்டாப்பு, முக்கா ஸ்டாப்பு எறக்கு. அந்தக் காலத்துல கோடாக் கம்பெனி கலர் லேபுக்கு ஒரு அளவு அட்டை அனுப்புவான், ஷெர்லி கார்டும்பாவ. ரொம்ப காலம் அதுல இருந்தது வெள்ளைக்காரப் பொம்பள. அந்தம்மா கன்னம் சரியா வந்தா மிஷினு சரின்னு அர்த்தம். எங்க ஊர்ப் பொண்ணு கன்னம் எப்படி வந்தா அவனுக்கு என்ன? அவனையாவது விடு, அவன் தூரத்துக்காரன். நீ பக்கத்து வீட்டுப் பய. நீயே சாஃப்ட்வேர்ல வெள்ளையடிக்கே! போன திருவிழாவுல நீ எடுத்த படத்துல உன் சித்தப்பன் சப்பான்காரன் மாதிரி இருந்தான். அவனுக்குச் சந்தோசந்தான், ரேசன் கடையிலதான் நம்ப மாட்டேன்னுட்டான்.

கறுத்த தோலுக்கு வெளிச்சம் அதிகம் வேணும்பான் ஒருத்தன். அவன் சோம்பேறி. அதிகம் வேண்டாம், அகலம் வேணும். பெரிய வெளிச்சத்தைப் பக்கவாட்டுல கொஞ்சம் பின்னால தள்ளி வச்சா, கன்னத்து எலும்பு, தோள்ப்பட்டை, புஜம் எல்லாத்துலயும் அது வழுக்கிக்கிட்டு வந்து உன் லென்சுல விழும். அந்த மினுமினுப்புலதான் உருவம் தெரியும். அதனால வேர்வையத் தொடைக்க விடாத. துண்டைப் பிடுங்கி வச்சுக்கோ. பய வேர்க்காம வந்து நின்னா மைதானத்தைச் சுத்தி ஓட விடு. தண்ணியில கொஞ்சம் கிளிசரின் கலந்து தெளிச்சாலும் வேர்வை வரும்பாவ, எனக்கு அது பிடிக்காது. ஓடுனவன் கண்ணுல இருக்கது தெளிச்சவன் கண்ணுல இருக்காது.

அகலத்துக்கு என்ன செய்ய? சாஃப்ட்பாக்ஸ் வச்சிருக்கே, நல்லது. ஆடி மாசத்துல நம்ம மைதானத்துல அதை நிறுத்திப் பாரு, நேரா கோயில் கோபுரத்துல போயி எடுத்துட்டு வரணும். ஸ்டாண்டு அடியில மணலு மூட்டையக் கட்டு. அதை விட, நாலு முழ வெள்ளை வேட்டிய ரெண்டு பயலுவகிட்டக் குடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லி அதுக்குப் பின்னாலருந்து அடி. கரை போட்ட வேட்டி வேண்டாம், கட்சிக்கரைன்னா சண்டை வரும். எதுத்த பக்கத்துக்கு ஒரு தெர்மாக்கோல் அட்டை. நம்ம சினிமாக்காரங்களும் அதைத்தான் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க.

நேரம்? பொழுதடைய வையி. பயலைச் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்து, அது தோளுக்கும் தலைமுடிக்கும் கோடு போடும். மொதல்ல பிளாஷ இல்லாம வானத்துக்கு அளவு பாரு. 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 100-ன்னு ஏதோ ஒண்ணு வரும். வானம் ஒரு ஸ்டாப்பு இருட்டா இருக்கணும், பய வெறும் நிழலாத் தெரியணும். பொறவு பிளாஷப் போட்டு மூஞ்சிய மட்டும் தூக்கு. வானம் இன்னும் கறுக்கணும்னா ஷட்டரைத் தொடாத, உன்னாலதான் 1/250-க்கு மேல போவ முடியாதே. கொஞ்சம் காத்திரு. பொழுது தானா கறுக்கும், காசு கேக்காது. வானம் ரொம்பக் கறுத்துட்டா ஷட்டரை 1/100-க்கு எறக்கு, வானந்தான் வெளுக்கும், மூஞ்சி அப்படியே நிக்கும். இந்த ஒண்ணு பிடிபட எனக்கு யாரும் வீடியோ போட்டுக் காட்டல. நீ கொடுத்து வச்சவன்.

டீம் படத்துல ஒரு சங்கதி. ஏழு பேரும் நாலு மீட்டர் அகலத்துக்கு நிக்கான்னு வையி. லைட்டை ஓரத்துல ரெண்டு மீட்டர்ல வச்சா, கிட்ட இருக்கவனுக்கும் ஆறு மீட்டர்ல நிக்க கடைசிப் பயலுக்கும் வெளிச்சத்துல ஒம்பது மடங்கு வித்தியாசம். தூரம் ரெட்டிச்சா வெளிச்சம் காலாப் போவும், அதான் கணக்கு. மொத ஆளு கல்யாண மாப்பிள்ளையா இருப்பான், கடைசி ஆளு இருக்கதே தெரியாது. அந்தக் கடைசி ஆளு யாருன்னா, பெரும்பாலும் ஒன்ன அடிக்கக்கூடியவன். லைட்டை எட்டு மீட்டருக்குத் தள்ளி வச்சுப் பவரை ஏத்து. அப்போ எட்டுக்கும் பன்னெண்டுக்கும் ரெண்டே கால் மடங்குதான். தனி ஆளுக்கு இதைத் திருப்பிப் போடு. லைட்டை ஒரு மீட்டருக்குக் கிட்டக் கொண்டு வா, பின்னால இருக்க கழிவறைச் செவுரு தானா இருட்டுக்குள்ள போயிரும். நம்ம பள்ளிக்கூட மைதானத்துல எந்தப் பக்கம் திரும்புனாலும் அந்தச் செவுருதான்.

கையக் கட்டிக்கிட்டு மொறைக்கச் சொல்லாத. எல்லாக் கட்சிப் போஸ்டர்லயும் அப்படித்தான் நிக்கான். கார்னர்க்காரனை அவன் குந்துத மாதிரியே குந்தச் சொல்லு. பாடுதவனை ஒரு தடவை பாடிட்டு வரச் சொல்லி, நெஞ்சு ஏறி எறங்கும்போது எடு. முட்டித் தழும்பும் முழங்கைத் தோலும் தெரியணும்னா லைட்டு முன்னால பிடிச்ச வேட்டிய எடுத்துட்டு வெறும் லைட்டைப் பக்கவாட்டுல தாழ வச்சு உரசிக்கிட்டுப் போவுத மாதிரி அடி. நான் தழும்பை அழிச்சது கல்யாணத்துக்கு. இது ஆட்டத்துக்கு, இருக்கட்டும்.

பின்னால ரெண்டு பக்கமும் ரெண்டு லைட்டு வச்சு, நடுவுல மூஞ்சிய இருட்டாக்கி ஒரு படம் எடுப்பாவல்லா, விளம்பரத்துல. ஒருத்தனுக்குச் செய்யி. ஏழு பேருக்கும் அதையே செஞ்சா பேரை மாத்தி ஒட்டுன ஒரே பய ஏழு தடவை நிப்பான். பொம்பளப் பிள்ளைக டீமும் வருது, அவுகளுக்கும் இதே வெளிச்சந்தான், இதே வேர்வைதான். அவுகளுக்குன்னு ரோஸ் கலர் ஜெலட்டினைத் தேடாத. ஜெலட்டினு வேணும்னா ஆரஞ்சை எடுத்து வையி. மைதானத்துல மஞ்ச ஹாலஜன் எரிஞ்சா உன் பிளாஷு நீலமாத் தெரியும், அதுமேல ஒட்டுனா ரெண்டும் சேந்து போவும். நாடகக் கொட்டகைக்காரன்கிட்ட கேட்டா கிழிச்சுத் தருவான்.

கடைசியாப் பரிசளிப்பு. அங்க மட்டும் நான் குறுக்க வரமாட்டேன். மேடையில ஒருத்தரும் பாட மாட்டாவ, மூச்சப் பிடிக்க மாட்டாவ, ஓட மாட்டாவ. பிளாஷக் கேமரா மண்டையிலயே மாட்டு, எம்புட்டு வேணும்னாலும் அடி. அவுக கண்ணுக்கு அது பழக்கம், அடிக்காட்டாத்தான் கோவிச்சுக்கிடுவாவ. கப்பை மட்டும் லேசா முன்னால சாய்ச்சுப் பிடிக்கச் சொல்லு. நேரா பிடிச்சா பளபளப்புல பிளாஷு திரும்பி வந்து எழுத்தை எல்லாம் வெளுத்துரும். அதுலதான் உபயம் செஞ்சவரு பேரு இருக்கு. அது தெரியாட்டா அடுத்த வருசம் கப்பு வராது.